பேஸ்புக் சண்டையில மாமாவும் தம்பியும் கதைக்கிறேல்ல, சடங்கு வருது, என்ன செய்யலாம்?

கோப்பாயில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தல் முடிஞ்ச கையோட தம்பி அனுரவின்ர கட்சியான தேசிய மக்கள் சக்தியை ஆதரிச்சு பேஸ்புக்கில ஒரு போஸ்ட் போட, டொரன்டோவில இருக்கிற பெரியமாமா கீழ வந்து 'துரோகி' எண்டு கொமென்ட் எழுத, அண்டையில இருந்து ரெண்டு பேரும் கதைக்கிறேல்லயாம். இப்ப மகளுக்கு சாமத்தியச் சடங்கு, மாமா வாறார், தண்ணி வாக்க தாய்மாமன் எண்டு தம்பியும் நிக்கவேணும்.

தங்கச்சி, நீங்கள் அனுப்பின ஸ்கிரீன்ஷொட்டைப் பாத்தன். அந்தத் தேர்தலில யாழ் மாவட்டத்தின்ர 6 ஆசனத்தில 3 தேசிய மக்கள் சக்திக்குப் போனது, உங்கட தம்பி அதைப் பற்றி எழுதேக்க வேலையில்லாததையும் லஞ்சத்தையும்தான் எழுதியிருக்கிறார், மாமாவுக்கு அதில தெரிஞ்சது யுத்தத்தில செத்த சனமும் விட்டிட்டுப் போன வீடும். ரெண்டு பேருக்கும் நோகுது, ஆனா நோவு வேற வேற. முன்னால இருந்து கதைச்சிருந்தா மாமாவின்ர கண்ணைப் பாத்தவுடன தம்பி நிப்பாட்டியிருப்பார். கொமென்ட்டில ஊர்ச்சனம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது, விட்டுக்குடுத்தா மரியாதை போயிடும் எண்டு நினைப்பு வந்திடும், அதோட கொமென்ட் கூடக் கூட பேஸ்புக் அந்தப் போஸ்டை இன்னும் கனபேருக்குக் கொண்டுபோய்க் காட்டும்.

மாமா எழுதின 'துரோகி' எண்ட சொல்லுதான் எனக்கும் வாசிக்கேக்க நெஞ்சை அடைச்சது. எங்கட ஊரில அது சும்மா ஏச்சு இல்லை, அந்தப் பட்டம் குத்தி எத்தினை உயிர் போனது எண்டு மாமாவின்ர வயசுக்காரருக்கு நல்லாத் தெரியும். அதை மட்டும் அவர் திருப்பி எடுக்கவேணும், கட்சியைப் பற்றி அவர் மனம் மாறவேணும் எண்டில்லை.

முதல் தம்பியிட்டச் சொல்லி அந்தப் போஸ்டை அழிக்காமல் 'ஒன்லி மீ', அதாவது தனக்கு மட்டும் தெரியிற மாதிரி, ஆக்கச் சொல்லுங்கோ, அழிச்சா தோத்த மாதிரி அவருக்குப் படும். பிறகு ரெண்டு பேரும் ஆளையாள் 30 நாளைக்கு ஸ்னூஸ் பண்ணலாம், அவ்வளவு நாளும் மற்றவரின்ர போஸ்ட் தங்கட பக்கத்தில வராது, மற்றவருக்கு அது தெரியவராது, பிரெண்டாவும் இருப்பினம். அன்பிரெண்ட், புளொக் வேண்டாம், சடங்கு நேரத்தில அது தெரியவந்தா இன்னொரு சண்டை. குடும்ப வட்ஸ்அப் குறூப்பில அரசியல் போர்வேர்ட் வந்தா ஒருத்தரும் பதில் எழுதாதேங்கோ, குறூப்பை மியூட் பண்ணிவிடுங்கோ.

மாமாவுக்கு நீங்கள்தான் கோல் எடுக்கவேணும், தம்பி இல்லை. ஞாயிறு பின்னேரம் 7 மணி போல எடுங்கோ, அங்க அப்ப காலமை, ஆறுதலா இருப்பார். தேர்தல் கதையை எடுக்காமல் 'மாமா, பிள்ளைக்கு நீங்கள் வந்து நிக்கவேணும், தம்பிதான் உங்களைக் கூட்டிவர எயார்போட்டுக்கு வாறான்' எண்டு சொல்லுங்கோ. அந்தச் சொல்லு தம்பிக்கு எவ்வளவு நொந்தது எண்டதை பிறகு தனியா, மெல்லமாச் சொல்லுங்கோ.