மூங்கில் வேலி தாண்டும்போது: வாசகர் கேள்வி பதில்

மண்ணுக்குள் வேர்த்தண்டை நீட்டிப் பரவும் ‘ஓடும் மூங்கில்’ பற்றி வந்த கேள்விகளில் பாதி ‘ஏன் வளரவில்லை’ என்று கேட்கின்றன, மீதி ‘எப்படி நிறுத்துவது’ என்று. இரண்டுக்கும் பதில் மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடக்கிறது.

கே: நர்சரியில் வாங்கிய செடியின் அட்டையில் ‘அலங்கார மூங்கில்’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஓடும் வகையா, தூர் கட்டும் வகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: மருந்துச் சீட்டில் ‘மாத்திரை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்த மாதிரிதான். அட்டையை விட்டுவிட்டுக் கழியைப் பாருங்கள். கிளை புறப்படும் கணுவுக்கு மேலே கட்டைவிரலால் தடவுங்கள். கழி முழு உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் வாய்க்கால் போலப் பள்ளம் ஓடி, கணுவில் பெரிதும் சிறிதுமாக இரண்டு கிளைகள் இருந்தால் அது ஃபைலோஸ்டாகிஸ் இனம். சந்தேகமே வேண்டாம், ஓடும். பள்ளம் இல்லையென்றால் ஓடாது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். சாசா, பிளையோபிளாஸ்டஸ், சூடோசாசா ஆகிய மூங்கில் இனங்களில் அந்தப் பள்ளம் கிடையாது. ஆனாலும் நன்றாகவே ஓடும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தொட்டியிலிருந்து செடியை உருவிப் பாருங்கள். ஓடும் வகையில், மண்ணுக்குள் படுக்கையாகப் போகும் வேர்த்தண்டு கழியைவிட மெலிந்து, நெருக்கமான கணுக்களோடு, தொட்டியின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும். தூர் கட்டும் வகையிலோ வேர்த்தண்டு குட்டையாக, கழியைவிடப் பருத்து, உடனே மேல்நோக்கி வளைந்து புதுக் கழியாகிவிடும். அதனால்தான் அது இருந்த இடத்திலேயே பெருக்கிறது.

‘லக்கி பாம்பூ’ வாங்கி வைத்துவிட்டு ஓடிவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கு: அது மூங்கிலே இல்லை, டிரசீனா என்ற வேறு செடி.

கே: பொன் மூங்கில் நட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. கழிகள் நட்டபோது இருந்த உயரத்திலேயே நிற்கின்றன. உரத்தைக் கூட்டலாமா?

ப: வேண்டாம். அந்தக் கழிகள் இனி ஒருபோதும் உயராது, பருக்கவும் செய்யாது. மரம் போல ஆண்டுக்கு ஆண்டு பருப்பது மூங்கிலின் சுபாவம் இல்லை. குருத்து எந்தப் பருமனோடு மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறதோ, அதுவே அந்தக் கழியின் ஆயுள் பருமன். உயரமும் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். அடுத்த பருவத்தில் வரும் குருத்துதான் முந்தையதைவிடப் பெரிதாக இருக்கும். நட்ட பிறகு முதல் இரண்டு ஆண்டும் செடி மண்ணுக்குள்தான் உழைக்கிறது. மூன்றாம் ஆண்டிலிருந்து வேகம் தெரியும்.

இதன் நாள்காட்டியைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. குளிர் விலகி வெப்பம் ஏறும்போது குருத்து வரும். அது கழியாகி இலை விட்ட பிறகு, கோடையிலும் அதற்கடுத்த இலையுதிர் காலத்திலும் வேர்த்தண்டு ஓடும். தழைச்சத்து மிகுந்த உரத்தைக் குருத்து வருவதற்குச் சற்று முன் ஒரு முறையும், வேர்த்தண்டு ஓடத் தொடங்கும்போது ஒரு முறையும் கொடுத்தால் போதும். கூடினால் இலை நுனி பழுப்பாகக் கருகும்.

தண்ணீர்தான் முக்கியம். வெயில் காலத்தில் வாரம் இரண்டு முறை, ஒரு அடி ஆழம் நனையும்படி விடுங்கள். இலை நீளவாக்கில் குழாய் போலச் சுருண்டால் தாகம். தண்ணீர் விட்டும் மறுநாள் காலை சுருண்டே இருந்தால் வேர் அழுகுகிறது, வடிகால் பாருங்கள். புது இலை விடும் சமயத்தில் பழைய இலை மஞ்சளாகிக் கொட்டுவது நோய் அல்ல. கொட்டியதைக் கூட்டி அள்ளாமல் மூடாக்காக விட்டுவிடுங்கள். மூங்கிலுக்கு வேண்டிய சிலிக்கா அதில்தான் திரும்பி வருகிறது.

குளிரே வராத ஊராக இருந்தால் ஒரு விஷயம். பொன் மூங்கில் சேர்ந்திருக்கும் ஃபைலோஸ்டாகிஸ் இனத்தில் பெரும்பாலானவை சீனாவின் மிதமான தட்பவெப்பத்தில் பிறந்தவை. வருடம் முழுக்க அனல் அடிக்கும் இடத்தில் இதோடு மல்லுக்கட்டுவதைவிடத் தூர் கட்டும் வகையை வைப்பதே மேல்.

கே: மதிலிலிருந்து இரண்டடி தள்ளி மறைப்பாக வரிசையாக நட ஆசை. அடுத்த வீட்டுக்குள் போகாமலிருக்க மண்ணுக்குள் செங்கல் சுவர் கட்டினால் போதுமா?

ப: போதாது. மூங்கில் செங்கல்லைத் துளைப்பதில்லை. சாந்தில் விழும் விரிசலைக் கண்டுபிடித்து நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. தகரம் துருப்பிடிக்கும். வேர்த் தடுப்புக்கென்றே விற்கும் எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) தகடு வாங்குங்கள். தடிமன் 1.5 மில்லிமீட்டர், அகலம் 75 சென்டிமீட்டர். சன்னமான தகட்டை வேர்த்தண்டின் ஈட்டி முனை குத்திவிடும்.

70 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டித் தகட்டை நிறுத்தினால் 5 சென்டிமீட்டர் மண்ணுக்கு மேல் நிற்கும். மேல் விளிம்பு செடியைவிட்டு வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். முட்டுகிற வேர்த்தண்டு அந்தச் சரிவில் மேலே ஏறிவந்து கண்ணில் படும். நேராகவோ உள்பக்கம் சாய்ந்தோ நின்றால் அது கீழே இறங்கி அடிவழியாகப் போகப் பார்க்கும்.

தகடு தோற்பதில்லை, தகட்டைச் சுற்றிச் செய்யும் வேலைதான் தோற்கிறது. முதலாவது, இணைப்பு. இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு பக்கமும் எஃகுப் பட்டை கொடுத்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். பசை மட்டும் தடவிய இணைப்பைப் புத்தகத்தைப் பிரிப்பது போல மூங்கில் பிரித்துவிடும். இரண்டாவது, பள்ளத்தை நிரப்பும் விதம். மிச்சமிருந்த தொழு உரத்தையெல்லாம் அடியில் கொட்டி மூடுபவர்கள் உண்டு. பொலபொலவென்று சத்துள்ள மண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர்த்தண்டு போகும். அதை நீங்களே ஆழத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். அடிமண்ணை அப்படியே போட்டு மிதித்து இறுக்குங்கள், உரமெல்லாம் மேல் ஒரு அடியில் இருக்கட்டும். மூன்றாவது, மூலை. சதுரமாக அடைத்தால் வேர்த்தண்டுகள் மூலையில் குவிந்து தள்ளும். மூலைகளை வளைத்து விடுங்கள். அடியை மூட வேண்டாம், தண்ணீர் தேங்கும்.

அடுத்த வீட்டுப் பக்கம் மட்டும் தகடு போட்டால் மூங்கில் முனையைச் சுற்றிக்கொண்டு போகும். நான்கு பக்கமும் சூழ்ந்திருக்க வேண்டும். உள்ளே குறைந்தது ஒரு மீட்டர் அகலமும், மதிலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஆள் குனிந்து பார்க்க இடமும் வேண்டும். ஆக, இரண்டடி போதாது. செடிக்குச் செடி ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை விடுங்கள்.

போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. இலையுதிர் காலத்தில் விளிம்பை மூடிக்கிடக்கும் சருகை விலக்கி, விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். பென்சில் தடிமனில் வெளிர்மஞ்சளாக ஒரு தண்டு விளிம்பைத் தாண்டி வளைந்து, முனையை மறுபடி மண்ணில் குத்தியிருக்கும். கத்தரியால் ஒரே வெட்டு, வேலை முடிந்தது. அந்த 5 சென்டிமீட்டரைச் சருகில் புதையவிட்ட தோட்டங்களில்தான் பெரும்பாலும் மூங்கில் தப்பிக்கிறது.

கே: தகடு போட வசதியில்லை. வேறு வழி?

ப: வாய்க்கால். நடவைச் சுற்றி 25 சென்டிமீட்டர் ஆழம், 20 சென்டிமீட்டர் அகலம். ஓடும் தண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாலம் போட்டது போல அந்தரத்தில் தெரியும். பார்த்த இடத்தில் வெட்டுங்கள். வேர்த்தண்டு ஓடும் பருவத்தில் மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். சோம்பேறிகளுக்குத் தகடுதான் சரி.

கே: உச்சியை வெட்டினால் அடர்த்தியாகுமா? வேர் ஓட்டமும் குறையுமா?

ப: இலை அடர்த்தியாகும். வேர் ஓட்டம் குறையாது. கிளை விரிந்த பிறகு, கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள்; வெட்டிய கழி மறுபடி உயராது.

அதைவிடப் பயனுள்ளது, முற்றிய கழிகளை ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு எடுப்பது. புதுக் கழியில் கணுவுக்குக் கீழே வெள்ளை மாவு வளையம் பளிச்சென்று இருக்கும். பழையதில் அது மங்கி, பட்டையில் பாசித் திட்டு ஏறியிருக்கும். மண்ணோடு ஒட்டி, தட்டையாக அறுங்கள். அரிவாளால் சாய்வாகச் சீவிவிட்டால் அது ஈட்டி, காலணியையும் துளைக்கும்.

கே: கழியைத் துண்டுபோட்டு நட்டேன். இருபதில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

ப: வெப்பமண்டலத் தூர் மூங்கில்கள் பலவற்றுக்குப் பலிக்கும் முறை அது. ஃபைலோஸ்டாகிஸில் கழித் துண்டு வேர்விடாது. குருத்து வருவதற்கு முன், ஒரு கழியோடு சேர்த்து ஒரு முழம் வேர்த்தண்டையும் மண் உதிராமல் தோண்டி எடுங்கள். கழியின் மேல் பாதியை வெட்டிவிட்டு, அதே ஆழத்தில் நிழலில் வையுங்கள். எடுத்ததிலிருந்து நடும்வரை ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். மெல்லிய வேர்கள் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

கே: இலையில் வெளிறிய சிறு கோடுகள், அடியில் வெள்ளைப் படலம்.

ப: மூங்கில் சிலந்திப்பேன். அந்தப் படலத்தின் அடியில் கூட்டமாகக் குடியிருக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். மேல்பக்கம் மட்டும் நனைத்தால் அதற்குக் குளித்த மாதிரிகூட இருக்காது.

கே: பக்கத்துத் தோட்டத்து மூங்கில் எங்கள் புல்தரைக்குள் வந்துவிட்டது. வெட்ட வெட்ட முளைக்கிறது. நிரந்தரமாக ஒழிக்க வழி உண்டா?

ப: உண்டு, ஆனால் வரிசை முக்கியம். வெட்டியும் முளைப்பதற்குக் காரணம், வேலிக்கு அந்தப் பக்கம் இலையோடு நிற்கும் தாய்ச்செடி மண்ணுக்கடியில் சோறு போட்டுக்கொண்டே இருக்கிறது. முதலில் எல்லையில் ஒரு அடிக்கு மேல் ஆழமாக வாய்க்கால் வெட்டி, குறுக்கே வரும் தண்டுகளையெல்லாம் துண்டியுங்கள். அங்கேயே தகட்டையும் இறக்கிவிடலாம்.

இனி உங்கள் பக்கம் இருப்பது தன் சேமிப்பை வைத்துப் பிழைக்க வேண்டும். கழிகளை எல்லாம் அறுத்துவிடுங்கள். அடுத்து வரும் குருத்துகளை உயரவிட்டு, இலை விரியத் தொடங்கும் தறுவாயில் வெட்டுங்கள். செலவு முழுவதையும் செய்துவிட்டு வரவு தொடங்காத நேரம் அது. ஒவ்வொரு முறையும் குருத்து மெலியும். இடையில் ஒரு பருவம் விட்டுவிட்டால் இலை மறுபடி சேமிப்பை நிரப்பிவிடும். பழைய புதருக்கு இரண்டு, மூன்று ஆண்டுகூடப் பிடிக்கும்.

அவசரமென்றால் மண்ணை நன்றாக நனைத்து, மறுநாள் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுங்கள். பெரும்பாலான தண்டுகள் மேல் 30 சென்டிமீட்டருக்குள்தான் ஓடும். முனையைத் தேடிப் பிடித்து இழுத்தால் கயிறு உருவுவது போல மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். அறுந்தால் அறுந்த இடத்தில் தோண்டுங்கள். மொட்டு உள்ள ஒரு கணு மிஞ்சினாலும் முளைக்கும். களைக்கொல்லி அடிக்க நினைப்பவர்கள் எல்லையைத் துண்டிக்காமல் தொட வேண்டாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி வேர்த்தண்டு வழியே பரவக்கூடியது, பக்கத்து வீட்டுச் செடியும் சேர்ந்து கருகலாம்.

தோண்டி எடுத்ததை எருக்குழியில் போடாதீர்கள், அங்கே சுகமாக வேர்விடும். சிமென்ட் தரையில் பரப்பி, வளைத்தால் ‘படக்’கென்று ஒடியும்வரை காயவிட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள்.