அந்த சைக்கிளை எடைக்குப் போடாதீர்கள்

ஊர்ப் பேச்சு: புதுக்கோட்டையைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை பதில் சொல்கிறார்.

டீச்சர், கல்யாணமாகி புதுக்கோட்டைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. விலாசம் கேட்டால் 'கீழ இரண்டாம் வீதி', 'வடக்கு மூன்றாம் வீதி' என்று நம்பராகவே சொல்கிறார்கள். தெருவுக்கென்று ஒரு பெயர் கிடையாதா?
– வாசகி, மேல 4-ஆம் வீதி

அதுதானம்மா பெயர். பழைய அரண்மனை ஊருக்கு நடுவில் இருந்தது. அதைச் சுற்றி நான்கு திசையிலும் ராஜ வீதிகள். அங்கிருந்து வெளியே போகப்போக இரண்டு, மூன்று, நான்கு என்று எண் ஏறும். நீங்கள் இருப்பது மேல நான்கு என்றால், மேற்கே நாலாவது வரிசையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வந்த புதிதில் குழப்பும். பிடிபட்டுவிட்டால் ஆட்டோக்காரருக்கு நீங்களே வழி சொல்வீர்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கீழ ராஜ வீதிப் பக்கம் பல்லவன் குளத்துக்குப் போய்ப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்திலேயே சாந்தநாத சுவாமி கோயில். 1878 முதல் இங்கே திவானாக இருந்த சேஷய்ய சாஸ்திரி, ஊர்க்குளங்களைத் தூர்வாரிச் சீர்செய்வதை முக்கிய வேலையாகவே வைத்திருந்தார். மழைத் தண்ணீரை நம்பியிருந்த ஊர் இது, பெரிய ஆறு கிடையாது. அந்தப் படிக்கட்டில் தின்பண்டக் கவரைப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மனசு பொறுக்காது. பள்ளிப் பிள்ளைகளாக இருந்தால் கூப்பிட்டு எடுக்க வைத்துவிடுவேன்.

எது தொலைந்தாலும் என் மாமியார் 'அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைக்கிறேன்' என்று வேண்டிக்கொள்வார். தேவி பெயரில் காசு எப்படி வந்தது?
– வாசகி, ஆலங்குடி

திருக்கோகர்ணம் பிரகதாம்பாள்தான் அரைக்காசு அம்மன். தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். அவர்கள் தங்களை 'பிரகதாம்பாள் தாஸ்' என்றே சொல்லிக்கொண்டார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென்று ஒரு செப்புக்காசு அடித்தது. விரல் நுனியில் நிற்கிற சின்னக் காசு. ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. இருபது காசு ஓர் அணா. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 320 காசு. பிரிட்டிஷ் நாணயம் வந்த பிறகும் இந்த அம்மன் காசு புழங்கியது.

நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் அதைச் செலவு செய்யாமல் சாமி மாடத்தில் வைத்தார்கள். காசில் இருந்தவள் வீட்டுக்குள் வந்து அரைக்காசு அம்மன் ஆனாள். என் பாட்டி அரிசிப் பானைக்குள் ஒன்று போட்டு வைத்திருந்தார். பானை மாறும், காசு மாறாது.

திருக்கோகர்ணத்திலேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. 1910-இல் தொடங்கியது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே மாமியாரையும் அங்கே கூட்டிப் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கோயில் திறந்திருக்கும், மியூசியம் பூட்டியிருக்கும்.

பள்ளியில் 'எங்கள் ஊர்ப் பெண்மணி' என்று பேச்சுப் போட்டி. மகள் யாரைப் பற்றிப் பேசலாம்?
– வாசகர், திருமயம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு வந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1912-இல் மருத்துவப் பட்டம், பிறகு சென்னை சட்டசபையில் முதல் பெண் உறுப்பினர், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. பட்டங்களை அடுக்குவதோடு நிறுத்தாமல், முதல் நாள் அந்த வகுப்பறைக்குள் நுழைந்த பெண்ணைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

எங்கள் கொட்டகையில் பார் வைத்த பழைய ஆம்பளை சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் வந்தாலே அம்மா விரட்டிவிடுகிறார். 'அது அறிவொளி சைக்கிள்டா' என்கிறார். அதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், அன்னவாசல்

தம்பி, அம்மா சொல்வதைக் கேளுங்கள். அந்த சைக்கிளை எடைக்குப் போடாதீர்கள்.

1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது நானும் தொண்டராகச் சேர்ந்தேன். பகலில் பள்ளிக்கூடம், இருட்டியதும் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெரியவர்களுக்கு 'அ, ஆ'. களையெடுத்தும் கல்லுடைத்தும் களைத்துப்போன பெண்கள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி விழுவார்கள். ஊருக்கு ஊர் போக பஸ் கிடையாது. அண்ணனோ புருஷனோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு சைக்கிள் கற்றுத்தருவதையும் எழுத்தறிவு வேலையில் சேர்த்தார். சைக்கிள் வாங்கக் கடனும் கிடைத்தது.

நான் வாடகை சைக்கிளில்தான் கற்றுக்கொண்டேன். முதலில் குரங்குப் பெடல். அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாருக்கு மேலே ஏறியபோது கண்மாய்க் கரையிலிருந்து நேராகக் கருவேல முள்ளுக்குள் போனேன். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னிடம் படித்த ஒரு அக்கா மட்டும் ஓடிவந்து தூக்கிவிட்டு, முள்ளை எடுத்தபடியே, "நாளைக்கு எனக்குச் சொல்லிக் கொடு டீச்சர்" என்றார்.

லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனது. பெண்கள் ஆம்பளை சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் வேண்டுமென்றே அதைத்தான் கேட்டார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். நானும் அதில் இருந்தேன். சிரித்த டீக்கடைகள் அன்றைக்கு வாசலில் எழுந்து நின்று பார்த்தன. மாவட்டம் முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள்.

என்னிடம் படித்தவர்களில் சிலருக்கு, தொடர்ந்து வாசிக்க வழியில்லாமல், எழுத்து மறந்துபோனது. அது எனக்கு இன்னும் வருத்தம்தான். சைக்கிள் யாருக்கும் மறக்கவில்லை. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள்.

உங்கள் கொட்டகையில் இருப்பது அதில் ஒன்று. துருவைத் தேய்த்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். டயர் இப்போதைக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடன் எவ்வளவு வாங்கினார், எந்தக் கடையில் எடுத்தார், எந்தக் கண்மாய்க் கரையில் பழகினார், கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தது யார் என்றெல்லாம் அம்மாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அந்த ஓடிவந்தவரை எனக்குத் தெரிந்திருக்கவும் கூடும்.