பயாஸிங் புரியவில்லை என்றால் அனலாக் வேண்டாமா?

கேள்வி: மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பயாஸிங் (டிரான்சிஸ்டர் சரியாக வேலை செய்ய அதன் மின்னோட்டத்தையும் வோல்டேஜையும் முன்கூட்டியே அமைப்பது) கணக்கு தேர்வில் வந்தால் போட்டுவிடுவேன். ஏன் அப்படி என்று கேட்டால் விழிக்கிறேன். அனலாக்கை விட்டுவிடட்டுமா?

பதில்: அவசரம் வேண்டாம், தம்பி. கணக்கு உங்களுக்கு வருகிறது. அது எதற்காக என்பதுதான் பிடிபடவில்லை.

பிசி547 டிரான்சிஸ்டரின் டேட்டாஷீட்டைப் பாருங்கள். பீட்டா, அதாவது பேஸ் மின்னோட்டம் கலெக்டரில் எத்தனை மடங்காகும் என்ற எண், 110 முதல் 800 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அதிலேயே இருக்கும். 12 வோல்ட் சப்ளை, கலெக்டரில் 4.7 கிலோஓம். பீட்டா 200 என்று நம்பி, ஒற்றை ரெசிஸ்டர் வழியே பேஸுக்கு 5 மைக்ரோஆம்பியர் கொடுத்தால் 1 மில்லிஆம்பியர் ஓடும், கலெக்டர் 7.3 வோல்ட்டில் நிற்கும். பீட்டா 400 உள்ளதைச் செருகினால் 2.6 வோல்ட். 600 என்றால் சாச்சுரேஷன் (கலெக்டர் வோல்டேஜ் அடிமட்டத்தில் சிக்கிக்கொள்வது), ஆம்ப்ளிஃபயர் அவ்வளவுதான்.

இப்போது அந்த ஒற்றை ரெசிஸ்டருக்குப் பதில் பேஸில் 100 கிலோஓம், 20 கிலோஓம் டிவைடர் (சப்ளை வோல்டேஜைப் பிரித்துத் தரும் இரண்டு ரெசிஸ்டர்கள்), எமிட்டரில் 1.3 கிலோஓம். மின்னோட்டம் அதிகமாக முயன்றால் எமிட்டர் வோல்டேஜ் ஏறும், பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுருங்கும், மின்னோட்டம் தானே அடங்கும். பீட்டா 100 என்றாலும் 400 என்றாலும் வித்தியாசம் பத்து சதவீதம்தான். சூடும் அப்படியே: பேஸ்-எமிட்டருக்குத் தேவையான வோல்டேஜ் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம், 30 டிகிரி ஏறினால் 60 மில்லிவோல்ட் குறையும். எமிட்டர் ரெசிஸ்டர் இல்லாமல் பேஸ் வோல்டேஜை மட்டும் பிடித்து வைத்திருந்தால் மின்னோட்டம் ஏறக்குறைய பத்து மடங்காகும். இங்கே ஐந்து சதவீதம்கூட ஏறாது.

இதை முதலில் சிமுலேஷனில் பீட்டாவையும் வெப்பத்தையும் மாற்றிப் பாருங்கள். பிறகு பிரெட்போர்டில் கட்டி, நான்கைந்து டிரான்சிஸ்டர்களை மாற்றிச் செருகி, எமிட்டர் வோல்டேஜை அளந்து எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் சூத்திரத்தைவிட, “எமிட்டர் ரெசிஸ்டரை எடுத்தால் என்ன ஆகும், அதற்குக் குறுக்கே கெப்பாசிட்டர் வைத்தால் கெயின் (சிக்னல் பெருகும் அளவு) என்ன ஆகும்” என்பது போன்ற கேள்விகளுக்குத்தான் தயாராக வேண்டும். சிப்புக்குள் போனால் ரெசிஸ்டர் இடத்தை விழுங்கும் என்பதால் கரன்ட் மிரர் (ஒரு மின்னோட்டத்தை நகலெடுக்கும் டிரான்சிஸ்டர் சுற்று) வரும். மின்னோட்டத்தை எப்படி நிலையாக வைப்பது என்ற கேள்வி மட்டும் மாறாது.

வேலை என்றால் டிசைன் மட்டுமல்ல. சிப் சோதனை, கேரக்டரைசேஷன் (சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து பதிவது), லேஅவுட் (சிப்பின் வரைபடம்), அப்ளிகேஷன் இன்ஜினியர் எல்லாவற்றுக்கும் இந்த அடிப்படை வேண்டும். டிசைனுக்குப் பல இடங்களில் முதுகலை எதிர்பார்ப்பார்கள். வீட்டில் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

அளந்த எண் கணக்கோடு ஒத்துப்போகாதபோது காரணத்தைத் தேடத் தோன்றினால் அனலாக்கில் இருங்கள். எரிச்சல் மட்டுமே வந்தால் எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் நிரல்), வெரிஃபிகேஷன் (டிசைன் சரிதானா என்று சரிபார்ப்பது) பக்கம் போகலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.