கிணற்றுக்குள் கிடைத்த விரலும் பிரான்சிலிருந்து வந்த நகமும்

கேள்வி: எங்கள் வளவுக் கிணறு வற்றியதால் இந்தமுறை ஆழப்படுத்தினோம். அலவாங்கால் உடைத்து மேலே ஏற்றிய கல்லுக் குவியலில் விரல் எலும்பு போல நான்கு துண்டுகளும் (அதில் ஒன்று வெள்ளையாக, பாரமில்லாமல் இருக்கிறது), நகம் போல வளைந்த ஒன்றும் கிடந்தன. அதே கிழமை பிரான்சிலிருந்து வந்த அத்தான் என் மகனுக்கு ஒரு 'டைனோசர் நகம்' கொடுத்தார். மொரோக்கோவில் எடுத்ததாம், இன்ரநெற்றில் வாங்கினாராம். இரண்டு நகங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. எங்கள் கிணற்றுக்குள்ளும் டைனோசர் இருந்திருக்குமா? அத்தானின் நகம் அசலா? படங்கள் அனுப்பியிருக்கிறேன். (யாழ்ப்பாணம் அச்சுவேலி வாசகர் ஒருவர்)

பதில்: முதலில் டைனோசர் கதையை முடித்துவிடுவோம், மகன் கோபித்தாலும் பரவாயில்லை. உங்கள் கிணறு இறங்கியிருக்கும் சுண்ணக்கல் மயோசீன் காலத்தில் ஆழமில்லாத கடலின் அடியில் படிந்தது. மயோசீன் தொடங்கியது ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர். டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர். எங்கள் கல் படியத் தொடங்கும்போதே அவை போய் 4 கோடி ஆண்டுக்கு மேல். ஆகவே அந்தக் கல்லோடு ஒட்டிப் பிறந்தது எதுவானாலும் அது கடற்சீவனாகவே இருக்கும்: சிப்பி, சங்கு, முருகை (பவளம்), நண்டு, சுறாப்பல் இப்படி. கல்லுக்கு மேலே கிடக்கும் செம்பாட்டு மண்ணிலிருந்தோ கிணற்றடிச் சேற்றிலிருந்தோ வந்தது என்றால் கதை வேறு. அது போன வருடம் செத்த ஆடாகவும் இருக்கலாம்.

அதனால்தான் இப்படி ஏதாவது எழுதி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கல்லுக்குள் இருந்ததா, கல்லோடு கிடந்ததா?" என்பதை. கல்லை உடைக்கும்போது பாதி உள்ளே, பாதி வெளியே என்று தெரிந்ததா, அல்லது கடகத்தில் வந்த குப்பையோடு கிடந்ததா? உங்கள் கடிதத்தில் இது இல்லை. படங்களை வைத்து ஓரளவு சொல்கிறேன்.

இலங்கையில் பெரிய விலங்குகளின் உயிர்ச்சுவடுகள், அதாவது கல்லாகிப்போன எச்சங்கள், இல்லாமலில்லை. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளின் பரலுக்குள்ளிருந்து நீர்யானை, காண்டாமிருகம், யானை எல்லாம் வந்திருக்கின்றன. குருவிட்டவில் கிடைத்த பல்லை வைத்து விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல 1939 இல் இலங்கையில் ஒருகாலத்தில் சிங்கம் வாழ்ந்தது என்று விவரித்தார். ஒரு முழுச் சிங்கத்துக்கும் சாட்சி பல்தான். பல்லின் மேற்பரப்பு அவ்வளவு பேசும். விரல் எலும்பிலும் நகத்திலும் அதுபோலப் பேசும் இடம் ஒன்று இருக்கிறது. அது நுனி அல்ல, மூட்டு.

எல்லோரும் நகத்தின் நுனியைத்தான் பார்க்கிறார்கள். வளைவும் கூரும் கண்ணை இழுக்கும். ஆனால் வளைந்து கூராவது எதற்கும் இலேசு. தண்ணீர் அரித்த கல் வளையும், வேர் வளையும், சிப்பி உடைந்தால் வளையும், ரெசினை வார்த்தாலும் வளையும். இன்னொரு எலும்போடு பொருந்தி அசையும் மூட்டு அப்படித் தற்செயலாக வராது. போலி செய்கிறவனும் அதில்தான் பிடிபடுவான்.

இதைப் பழக ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. அடுத்தமுறை வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைத்தால் குளம்புப் பக்கத்து எலும்புகளை எறியாமல் எடுத்து, இன்னொருமுறை அவித்து, சவ்வைச் சுரண்டி, வெயிலில் காயவையுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் மூன்று துண்டு வரும். முதல் துண்டைக் கையில் எடுங்கள். ஒரு முனை குழிந்திருக்கும், நடுவே ஒரு பள்ளம் ஓடும். மறுமுனை கிணற்றுக் கப்பி மாதிரி, இரண்டு உருளையும் நடுவில் தவாளிப்பும். அந்தக் கப்பியின் இரு பக்கத்திலும் குண்டூசித் தலை அளவிலோ கொஞ்சம் பெரிதாகவோ ஒவ்வொரு குழி இருக்கும். மூட்டை இறுக்கிப் பிடிக்கும் நாண் பிடிக்கிற இடம் அது. இந்த மூன்றும், அதாவது குழிந்த முனை, கப்பி முனை, பக்கக் குழி, ஒரு துண்டில் இருந்தால் அது கால்நடந்த ஒன்றின் விரலெலும்பு. அது எந்த விலங்கு, எந்தக் காலம் என்பது அடுத்த கேள்வி.

கடற்கரையில் பொறுக்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ஆமை, கடற்பசு, ஓங்கில் (டொல்பின்) போன்றவற்றின் துடுப்புக்குள்ளும் விரலெலும்பு உண்டு. ஆனால் அவை நீந்துகிறவை, விரலை மடக்குவதில்லை. ஆகவே கப்பி தெளிவாக இராது. இரண்டு பக்கமும் அகன்று இடை சிறுத்த உடுக்கு போல இருக்கும்.

நீங்கள் அனுப்பிய நான்கில் மூன்றில் முனையே இல்லை. இரண்டு பக்கமும் வெறும் முறிவு. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் மேலே முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் நட்சத்திரம் போலக் கீற்று. அது முருகைக்கல், கிளைவிட்ட வகை. விரல் தடிப்பில் முறிந்து கிடக்கும்போது எவரையும் ஏமாற்றும். கஸ்தூரியார் வீதியில் தெரிந்த நகைக்கடைக்காரர் இருந்தால் அவருடைய பத்து மடங்கு பெருப்பிக்கும் வில்லையை ஒரு நிமிடம் இரவல் கேளுங்கள். எலும்பென்றால் வெளியே வழவழப்பான கெட்டி ஓடு, முறிவில் மட்டும் ரஸ்க் போலச் சல்லடை. முருகையில் வெளியிலேயே ஓட்டை.

தேசிக்காய்ப் பரிசோதனையைப் பற்றியும் கேட்பார்கள். சுரண்டிய தூளில் ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டால் முருகையும் சிப்பியும் சுண்ணக்கல்லும் நுரைக்கும். எலும்பின் கனிமம் வேறு, அது அப்படி நுரைக்காது. ஆனால் எங்கள் ஊரில் எலும்பின் துவாரத்துக்குள்ளும் சுண்ணம் ஊறியிருக்கும், அதனால் அசல் எலும்பும் நுரைக்கலாம். நுரைக்காவிட்டால் ஒரு தகவல், நுரைத்தால் ஒன்றும் சொல்ல முடியாது. நாக்கில் ஒட்டினால் எலும்பு என்ற வைத்தியத்தை விட்டுவிடுங்கள். துவாரமுள்ள சுண்ணக்கல்லும் களிமண்ணும்கூட ஒட்டும். கிணற்றடியில் எடுத்ததை நக்கிப் பார்ப்பதும் நல்லதல்ல.

நான்காவது துண்டு எலும்புதான். கப்பி தெரிகிறது, பக்கக் குழி தெரிகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும். மனித விரலெலும்பும் ஆட்டு விரலெலும்பும் அளவில் கிட்டத்தட்ட ஒன்று. மனிதனின் முதல் விரலெலும்பில் உள்ளங்கைப் பக்கம் தட்டை, புறங்கைப் பக்கம் உருண்டை, அடிக்குழி ஒற்றை முட்டை வடிவம், நடுப்பள்ளம் கிடையாது. கடைசி எலும்பின் நுனி சின்ன மண்வெட்டி போல விரிந்திருக்கும். ஆட்டின் கடைசி எலும்பு மூன்று மூலைக் குளம்பு. உங்கள் படத்தில் அடிக்குழிக்கு நடுவே பள்ளம் ஓடுகிறது, ஆகவே ஆடு என்றே நினைக்கிறேன். வெள்ளையாக, பாரமில்லாமல் இருக்கிறது என்கிறீர்கள். உயிர்ச்சுவடாக மாறிய எலும்பு கனிமம் ஏறிப் பாரமாக இருக்கும், பீங்கானில் தட்டினால் கல் போல 'கிண்' என்னும். எப்போதோ கிணற்றில் விழுந்த ஆட்டின் எலும்பாகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் வேறு வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மண்ணில் எலும்பு என்றால் அது எப்போதும் படிப்பு விஷயம் மட்டும் அல்ல. செம்மணியில் 2025 இல் மயானத்துக் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோதுதான் மனித எலும்புகள் வெளிப்பட்டன. மனிதனாக இருக்கலாம் என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் வெட்டுவதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எடுக்கவேண்டாம், கழுவவேண்டாம், முகநூலில் போடவேண்டாம். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். பழைய ஓடு, மட்பாண்டத் துண்டு கூட வந்தால் தொல்லியல் திணைக்களம். ஆனைக்கோட்டையில் 1980 இல் பெருங்கற்கால மனிதரின் எலும்புக்கூட்டோடு முத்திரையும் கிடைத்தது. எலும்பை மட்டும் பிடுங்கி எடுத்திருந்தால் அதற்குப் பக்கத்தில் என்ன கிடந்தது என்பதே தெரியாமல் போயிருக்கும்.

இனி நகங்கள். விலங்கின் நகம் என்று நாங்கள் வெளியே பார்ப்பது எங்கள் நகத்தைப் போன்ற ஒரு உறை. அது பெரும்பாலும் மக்கிப் போய்விடும். உயிர்ச்சுவடாகக் கிடைப்பது உறைக்குள்ளிருந்த எலும்பு. டைனோசரோ கரடியோ, நக எலும்பின் அடியை நேராகப் பார்த்தால் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய முகடு, அதன் இரு பக்கமும் குழிவு. முந்தின எலும்பின் கப்பியில் இது போய்ப் பூட்டிக்கொள்ளும். அதற்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பு, நகத்தை இழுத்து மடக்கும் நாண் அங்கே பிடிக்கும். பிறகு, டைனோசர் நகமென்றால், இரண்டு பக்கங்களிலும் இரத்தக்குழாய் ஓடிய தவாளிப்பு அடியிலிருந்து நுனிவரை போகும். இரண்டும் அச்சொட்டாக ஒன்றுபோல இராது. ஒரு பக்கம் கொஞ்சம் மேலே, மறுபக்கம் கொஞ்சம் கீழே.

மாட்டுக் குளம்புக்குள்ளிருக்கும் எலும்பை நகம் என்று கொண்டுவருகிறவர்கள் கனபேர். அது ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு, உடம்பெல்லாம் ஊசித் துளை. பக்கத்துக் குளம்போடு ஒட்டி நிற்கும் பக்கம்தான் தட்டையானது. இதை அறிந்தால் பாதிப் 'புலிநகம்' தீர்ந்துவிடும். சங்கிலியில் கோர்த்த புலிநகத்தில் கணிசமானவை மாட்டுக் கொம்பில் செதுக்கியவை. அசலாக இருந்தால் இன்னும் வில்லங்கம்; எங்கள் நாட்டில் புலி என்பது சிறுத்தைதான், அது பாதுகாக்கப்பட்ட விலங்கு.

உங்கள் கிணற்று 'நகத்தில்' மேலே சொன்ன முகடும் இல்லை, புடைப்பும் இல்லை. உள்வளைவு நெடுக மழுங்கிய பற்கள் வரிசையாக இருக்கின்றன, உடைந்த அடியில் உட்புறம் கல் நிரம்பியிருக்கிறது. நண்டுக் காலின் கடிக்கும் விரல் அது. சந்தேகமிருந்தால் அடுத்த நண்டுக் குழம்பில் பெரிய காலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே சதை இருந்த இடத்தில் இப்போது சுண்ணக்கல் நிரம்பியிருக்கிறதென்றால், அது கல்லோடு படிந்த நண்டு. நீங்கள் குறைவாக மதித்த இதுதான் அனுப்பிய எல்லாவற்றிலும் உண்மையான உயிர்ச்சுவடாக இருக்கும் என்பது என் கணிப்பு.

அத்தானின் நகத்துக்கு வருகிறேன். மொரோக்கோவின் தென்கிழக்கில் கெம் கெம் என்ற பாறைப் படைகள் உண்டு, டைனோசர்கள் வாழ்ந்த கிரித்தேசியக் காலத்தவை. அங்கிருந்து டைனோசர் பற்கள் மூட்டை மூட்டையாக வந்து உலகச் சந்தையில் விற்பனையாகின்றன. டைனோசர்களுக்குப் பல் விழுந்து விழுந்து முளைக்கும், அதனால் பல் மலிவு. நகம் அப்படி இல்லை, முழு நகம் அரிது. அரிது என்றதும் கைவேலை தொடங்கும். முழுப் பொய்யாகச் செய்வது குறைவு. அசல் எலும்புத் துண்டுகளைப் பிசினால் ஒட்டி, இடைவெளியை அதே இடத்து மணலும் பசையும் குழைத்து நிரப்புவதுதான் வழக்கம். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1999 இல் பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்டது என்று உலகமெல்லாம் பேசப்பட்ட 'ஆர்க்கியோராப்டர்', உடம்பு ஒரு பறவையினதும் வால் ஒரு சின்ன டைனோசரினதுமாக ஒட்டப்பட்டது. துண்டுகள் அசல், மிருகம் பொய்.

உங்கள் படத்தில் என்னை உறுத்துவது, நகத்தின் அடி முழுவதும் சிவப்பு மணற்கல்லுக்குள் புதைந்திருப்பது. விற்கிறவர் "கல்லிலேயே இருக்கிறது, எவ்வளவு அழகு" என்பார். எனக்கு அது மூட்டை மறைத்த முக்காடு. பக்கத் தவாளிப்பு இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே உயரம். நுனிக்குக் கீழே இரண்டு வட்டக் குமிழ்த் துளை. எலும்பின் துவாரங்கள் நீளவாக்கில் ஓடும், வட்டக் குமிழ் வருவது வார்ப்பில். நுனி மட்டும் நிறத்திலும் பளபளப்பிலும் வேறாக இருக்கிறது. அது அசல் துண்டாக இருக்கலாம், மிச்சம் கைவேலை.

உறுதிப்படுத்த வேண்டுமானால் மறைவான இடத்தில் பஞ்சுக்குச்சியில் அசிற்றோன் தொட்டுத் தேயுங்கள். நிறம் பஞ்சில் வந்தால் பூச்சு. ஆனால் அசல் எலும்புக்கும் உடையாமலிருக்கப் பிசின் பூசுவார்கள், அதுவும் கொஞ்சம் கரையும். கரைந்ததற்குக் கீழே என்ன தெரிகிறது என்பதுதான் முக்கியம். காசுத்தாள் பார்க்கும் ஊதா ரோச்சை இருட்டறையில் அடித்தால் பசை ஓடிய கோடுகள் பெரும்பாலும் வெளிர்நீலமாக மினுங்கும். ஊசியைச் சூடாக்கி அடியிலுள்ள மணற்கல்லில் வைத்தால் பிளாஸ்ரிக் மணம் வரக்கூடும், ஆனால் தழும்பு நிற்கும். மகனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தெரிந்த இடத்தில் ஒரு எக்ஸ்ரே எடுக்க முடிந்தால் இவை ஒன்றும் தேவையில்லை. எலும்பென்றால் உள்ளே சல்லடை தெரியும், பசையென்றால் வெறும் நிழல். காபன் திகதியிடல் பற்றிக் கேட்கவேண்டாம். அது ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு மேல் எட்டாது.

அத்தானிடம் வாங்கிய பக்கத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அதே வெடிப்பு, அதே குமிழ் உள்ள நகம் இன்னொரு படத்திலும் இருந்தால் வேறு சோதனை வேண்டாம். அசலாகவே இருந்தாலும் எங்கிருந்து, எந்தக் கடதாசியோடு வந்தது என்று கேட்கவேண்டும். 2012 இல் நியூயோர்க்கில் 10 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போன டார்போசோரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு திருட்டுப் பொருள் என்று தெரிந்து அடுத்த வருடம் மொங்கோலியாவுக்கே திரும்பிப் போனது. இதையெல்லாம் அத்தானுக்கு எப்படிச் சொல்வது என்பது உங்கள் வீட்டு விஷயம், நான் தலையிடவில்லை.

நண்டு விரலை மட்டும் கவனமாக வையுங்கள். வினாகிரியில் போட்டுக் கழுவவேண்டாம், கரைந்துவிடும். ஒட்டியிருக்கும் கல்லையும் தட்டவேண்டாம். பழைய பல்துலக்கியால் மண்ணைத் தட்டி, பஞ்சில் சுற்றி, ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, கடதாசித் துண்டில் மூன்று விஷயம் எழுதிப் போடுங்கள்: எந்த வளவுக் கிணறு, தரையிலிருந்து எத்தனை அடி ஆழம், என்ன திகதி. ஆழம் கிணறு வெட்டினவருக்குத்தான் நினைவிருக்கும், அவர் அடுத்த வேலைக்குப் போகமுதல் கேட்டுவிடுங்கள். பிறகு அடிமட்டத்தை அல்லது ஒரு பத்து ரூபாய்க் குற்றியைப் பக்கத்தில் வைத்து, பின்னேரச் சாய்வெயிலில் ஆறு பக்கமும் படமெடுத்து, பெட்டியோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆட்டு எலும்பை அவன் வைத்துக்கொள்ளட்டும்.