ஆசைக்குக் காரணம் தேடவேண்டாம்

அன்புள்ள அக்கா,

அல்சூரில் இருக்கிறேன், வயது 47. சில வருடங்களுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்தது. இந்த வருடம் இடுப்பெலும்புக்குப் பரவியிருப்பது தெரிந்தது. இப்போது மாத்திரையில் ஓடுகிறது. என்னிடம் ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் இருக்கிறது. அக்டோபரில் எங்கள் ரைடர் குழு புற்றுநோயாளிகளுக்காக நிதி திரட்டி கிருஷ்ணகிரி வரை போகிறது. வீட்டில் "இந்த நிலைமையில் வண்டி எதற்கு, விற்றுவிடு" என்கிறார்கள். நல்ல காரியத்துக்குத்தானே என்று சொல்லிச் சமாளிக்கிறேன். உண்மையில் எனக்கு ஓட்ட ஆசை, அவ்வளவுதான். இது சுயநலமா?

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

ஓட்ட ஆசை என்பதே போதும். நோய் வந்த பெண் கோயிலுக்குக் கிளம்பினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பைக்கை எடுத்தால் மட்டும் புண்ணியக் கணக்கு காட்டவேண்டியிருக்கிறது. நானும் மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, அதன் பிறகும் வண்டி ஓட்டுகிறவள். எனக்குப் பரவவில்லை, அதனால் உங்கள் பயம் முழுக்கத் தெரியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பரவிய பிறகும் மாத்திரையோடு வருடக்கணக்கில் வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழ்கிற பெண்களைப் பார்க்கிறேன். அந்த வருடங்களில் உங்களுக்குப் பிடித்தது ஒன்றாவது இருக்கவேண்டும்.

ஆனால் முதலில் டாக்டர். "ஓட்டலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஸ்கேனைக் காட்டி, "இந்த எலும்பு ஒரு குலுக்கலை, ஒரு விழுதலைத் தாங்குமா" என்று கேளுங்கள். இடுப்பெலும்பு பலவீனமாக இருந்தால் சின்ன விழுதலே முறிவில் முடியும். வேண்டாம் என்று சொன்னால் இந்த முறை பின்னால் வரும் காரில் போங்கள். வண்டியை விற்கவேண்டாம்.

அடுத்தது இடது கை. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் நீர் தேங்கிக் கை வீங்கலாம். கிளட்ச் பிடிப்பதும் அதே கைதான். சில்க் போர்டு நெரிசலில் அதை எத்தனை முறை அழுத்துகிறோம்! சாயங்காலம் மோதிர விரல் இறுகுவது எனக்குத் தெரியும், வளையல் மணிக்கட்டில் தடம் பதிப்பதும் தெரியும். ஹோசூர் ரோட்டில் வண்டிகள் சேருவதற்குள், விடியும்போதே நகரத்தைத் தாண்டிவிடுங்கள். வீக்கத்துக்காக டாக்டர் கொடுத்த ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கிளவ்ஸ் கட்டாயம். அந்தக் கையில் சின்னக் கீறலும் சீழ் பிடிக்கலாம். மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்தும் மாத்திரையாக இருந்தால் வெள்ளை அணுக்கள் குறையும். ரைடுக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கீமோவில் விரல் நுனி மரத்திருந்தால் பிரேக்கின் அழுத்தம் சரியாகத் தெரியாது. காலி இடத்தில் ஓட்டிப் பார்க்காமல் ஹைவேக்குப் போகாதீர்கள். 195 கிலோ வண்டி சாய்ந்தால் தூக்கவேண்டியது மற்றவர்கள்.

இனி நிதி விஷயம். அதில் எனக்கு ஆதங்கம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் வந்தால் ரோஸ் நிற டி-ஷர்ட், ரிப்பன், "சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கலாம்" என்று ஒரு பேச்சு. சொல்லவேண்டியதுதான். ஆனால் உங்களைப்போல் பரவிய நிலையில் இருப்பவர் அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்பார்? 2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் வந்ததாக உலகளாவிய கணக்கு சொல்கிறது. விழிப்புணர்வோடு நின்றுவிடாமல், சிகிச்சையில் இருப்பவர் கைக்குப் பணம் போகவேண்டும்.

பணம் எங்கே முட்டும் என்று தெரிந்தால் எதற்குச் சேர்க்கவேண்டும் என்பது தெரியும். ஆபரேஷனுக்குப் பின் ரேடியேஷன் மேஜையில் படுப்பது சில நிமிடம்தான். ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பெரும்பாலும் மூன்று வாரமாவது வரவேண்டும் என்று சொல்வார்கள். கிருஷ்ணகிரியிலிருந்தோ கோலாரிலிருந்தோ பெங்களூரு கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணுக்கு பஸ் கட்டணம், தங்குமிடம், துணைக்கு வருபவரின் கூலி இழப்பு எல்லாம் சேர்ந்து நடுவில் வீட்டுக்குத் திரும்பவைத்துவிடும். மாத்திரைகளிலும் அப்படித்தான். பரவிய மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பால்போசிக்ளிப் என்ற மாத்திரையின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்தபின் விலை நன்றாகக் குறைந்தது. ஆனாலும் மாதாமாதம் வாங்கவேண்டும், அதை நிறுத்தாமல் வாங்குவதுதான் கஷ்டம்.

உங்கள் குழுவிடம் இதைச் சொல்லுங்கள். டி-ஷர்ட் செலவைக் குறைக்கட்டும், ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பார்க்கட்டும், இன்னின்ன நோயாளியின் போக்குவரத்துக்கு என்று கட்டி ரசீது வாங்கட்டும். இதைத் திட்டமிட நீங்கள் வண்டியில் ஏறவேண்டிய அவசியமே இல்லை. ரைடுக்குப் போகமுடியாமல் போனாலும் இந்த வேலை நிற்கவேண்டாம். போகமுடிந்தால், சேவைக்காகத்தான் என்று யாரிடமும் சொல்லவேண்டாம்.

வீட்டுக்காரரையும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பயம் அவருக்கும் இருக்கும். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்