லாய உரிமையாளருக்கு இருபது சதவீதம் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: இங்கிலாந்தில் சரே பகுதியில் வசிக்கிறோம். என் மகள் குதிரையேற்றப் பயிற்சியாளராகத் தகுதி பெற்று, லாயங்களுக்கே போய், அங்கே குதிரை வைத்திருப்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். 45 நிமிடத்துக்கு 35 பவுண்டு வாங்குகிறாள். ஒரு லாய உரிமையாளர், “என் திடலில் கற்பிப்பதால் எனக்கு 20 சதவீதம் வேண்டும், பணத்தை நானே வசூலித்து மாதக் கடைசியில் தந்துவிடுகிறேன்” என்கிறார். இது முறையா? கட்டணத்தை உயர்த்தலாமா?

பதில்: கட்டணத்தை உயர்த்தலாம். 20 சதவீதத்தைப் பேசிக் குறைக்கலாம். ஆனால் வசூலை அவர் கையில் மட்டும் விடாதீர்கள்.

திடலுக்குப் பணம் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நிலம் அவருடையது, மணலும் விளக்கும் வேலியும் அவர் செலவு. ஆனால் அந்தச் செலவை ஏற்கெனவே ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். குதிரை வைத்திருப்பவர் லாயத்துடன் போட்ட ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். ‘திடல் பயன்பாடு மாதக் கட்டணத்தில் அடக்கம்’ என்று அதில் இருந்தால், உங்கள் மகளிடம் கேட்பது ஒரே மணலுக்கு இரண்டாவது வாடகை. ‘வெளிப் பயிற்சியாளர் வந்தால் தனிக் கட்டணம்’ என்று தெளிவாக எழுதியிருந்தால் வாதாட முடியாது. அப்போதும் சதவீதமாக அல்லாமல் ஒரு வருகைக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாகக் கேளுங்கள். சதவீதம் என்றால் உங்கள் மகள் கட்டணத்தை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அவருக்கும் சம்பள உயர்வு.

கட்டணக் கணக்கில் பலரும் சறுக்குவது, பாடத்தின் நேரத்தை மட்டும் எண்ணுவதால். லாயம் 12 மைல் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 24 மைல்; வருமான வரித்துறை 2025-26ஆம் ஆண்டுக்கு ஏற்கும் மைலுக்கு 45 பென்ஸ் கணக்கில் 10.80 பவுண்டு. லாயத்துக்குப் பங்கு 7 பவுண்டு. 35 பவுண்டில் மிஞ்சுவது 17.20. பயணம் ஒரு மணி நேரம், பாடம் முக்கால் மணி, சேணம் பூட்டும்வரை நிற்பது கால் மணி என்றால் மொத்தம் இரண்டு மணி நேரம். மணிக்கு 8.60 பவுண்டு; காப்பீடும் வரியும் இன்னும் கழியவில்லை. 2026 ஏப்ரல் முதல் 21 வயதானவருக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியே 12.71 பவுண்டு. சுயதொழில் செய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அதே லாயத்தில் ஒரே நாளில் நான்கு பாடங்கள் இருந்தால், அதே 20 சதவீதத்தைக் கொடுத்த பிறகும் 101.20 பவுண்டு மிஞ்சும். பயணம் ஒரு மணி, பாடங்கள் மூன்று மணி, இடையில் நிற்பது மொத்தம் அரை மணி என்றால், நாலரை மணி நேர வேலைக்கு அது மணிக்கு ஏறக்குறைய 22.50. ஆகவே 35ஐ 40 ஆக்குவதா என்பதைவிட, ஒரு வருகைக்குக் குறைந்தது எத்தனை பாடங்கள் என்பதுதான் முதலில் தீர்க்க வேண்டியது. ஒரே பாடத்துக்குக் கூப்பிட்டால் பயணக் கட்டணம் தனி. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணம். இரண்டையும் முதல் பாடத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது அந்த ‘நானே வசூலிக்கிறேன்’ விவகாரம். என்னிடம் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. வைக்கோல் வியாபாரிக்குக் கொடுத்த பிறகுதான் பயிற்சியாளரின் பணம் நினைவுக்கு வரும். மாதக் கடைசி அடுத்த மாதக் கடைசியாகும். பிறகு “இரண்டு பேர் இன்னும் தரவில்லை” என்பார். அது உண்மையா என்று பார்க்க உங்களிடம் ஒரு சீட்டும் இருக்காது. அடுத்த கட்டத்தில் கட்டணத்தை அவர் முடிவு செய்வார், நேரத்தை அவர் ஒதுக்குவார், வேறு லாயத்துக்குப் போகாதே என்பார். இவ்வளவும் நடந்தால் அது பெயருக்குத்தான் சுயதொழில். தீர்ப்பாயம் ஒப்பந்தத்தின் தலைப்பைப் பார்ப்பதில்லை, நடைமுறையைப் பார்க்கும். விடுமுறை ஊதியமும் குறைந்தபட்சக் கூலியும் கேட்கும் உரிமைகூட வரலாம். ஆனால் அதை நிரூபிக்க அலைவது உங்கள் மகள். ஒவ்வொரு பாடத்துக்கும் தன் பெயரில் ரசீது, தன் வங்கிக் கணக்கில் பணம், திடல் கட்டணத்துக்கு லாயத்திடமிருந்து தனி ரசீது என்று வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து, குதிரை யாருடையது? மாணவர் தன் சொந்தக் குதிரையில் ஏறிக் கற்றால் உரிமம் எதுவும் வேண்டாம். லாயத்தின் குதிரையைக் கொடுத்துக் காசு வாங்கிக் கற்பித்தால், 2018ஆம் ஆண்டு விலங்கு உரிம விதிகளின்படி உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். சிக்கல் இரண்டுக்கும் நடுவில். குதிரைக்காரர் வேலைக்குப் போய்விடுகிறார், குதிரை சும்மா நிற்கிறது. “பக்கத்து வீட்டுப் பையனுக்கு என் குதிரையிலேயே சொல்லிக்கொடு, எனக்குப் பத்து பவுண்டு போதும்” என்கிறார். கேட்க நல்ல மனசுதான். ஆனால் காசுக்குக் குதிரை கைமாறுகிறது. இது வழக்கமானால் வாடகைத் தொழில். அதற்கு ‘பகிர்வு’ என்று பெயர் சூட்டுவார்கள். தீவனச் செலவில் பங்கு போட்டு, எழுத்து ஒப்பந்தத்துடன் மாதக்கணக்கில் ஒரே குதிரையைப் பார்த்துக்கொள்பவரின் நிலை வேறு. சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து போகும் பையனைப் பகிர்வாளர் என்றால் எந்த ஆய்வாளரும் நம்பமாட்டார். உரிமமின்றி நடத்துவது 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கீழ் குற்றம். அபராதம், சிறை இரண்டுக்கும் இடமுண்டு. சந்தேகமானால் மன்றத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். வாரக்கணக்கில் ஆகும், அதற்குத் தயாராக இருங்கள். இதில் இன்னொரு வேடிக்கை: காசு வாங்கி நாய்களைத் தங்கவைக்கும் தொழிலுக்கு அதே விதிகளில் உரிமம் உண்டு; இருபது குதிரைகளை மாதக்கணக்கில் வைத்திருக்கும் லாயத்துக்குக் கிடையாது. இந்த அமைப்பை யார் வடிவமைத்தார்களோ!

காப்பீட்டில் ஒன்றை மட்டும் கேளுங்கள். பாடத்தின் நடுவே குதிரை முரண்டு பிடிக்கும். “இறங்குங்கள், நான் ஏறிக் காட்டுகிறேன்” என்று பயிற்சியாளர் ஏறிவிடுவார். அந்த ஐந்து நிமிடத்தில் குதிரைக்குக் கால் முறிந்தால் யார் பொறுப்பு? சாதாரணப் பொதுப் பொறுப்புக் காப்பீடு மூன்றாம் நபருக்கு நேரும் காயத்துக்கானது. பிறர் குதிரை தன் பொறுப்பில் இருக்கும் நேரத்துக்கான பிரிவு தனி. பத்திரத்தில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குதிரையேற்றச் சங்க உறுப்பினருக்குக் கிடைக்கும் தனிநபர் காப்பீடு காசுக்குக் கற்பிக்கும் வேலைக்குப் போதாது.

வரி எளிது. ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை மொத்த வரவு, லாபம் அல்ல, 1,000 பவுண்டைத் தாண்டினால், அதன் பின் வரும் அக்டோபர் 5க்குள் வருமான வரித்துறையில் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யட்டும். தொலைபேசியில் முயன்றால் இசை கேட்டே பொழுது போய்விடும்.

லாய உரிமையாளருக்கு உங்கள் மகள் இப்படி எழுதலாம்: “ஒரு வருகைக்கு இத்தனை பவுண்டு திடல் கட்டணம் ரசீதுடன் தருகிறேன். பாடக் கட்டணத்தை மாணவர்களிடம் நானே வாங்கிக்கொள்கிறேன். என் காப்பீட்டுச் சான்றின் நகலை இணைத்திருக்கிறேன்.” அவர் மறுத்தால், மணிக்கணக்கில் வாடகைக்குத் திடல் விடும் இடங்களை விசாரியுங்கள், குதிரையை வண்டியில் ஏற்றிவரத் தயாராக இருக்கும் மாணவர்களை அங்கே வரச் சொல்லலாம்.