வெளுக்கப் போட்ட திரைச்சீலை மஞ்சளித்தது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டு யன்னல்களில் தொங்கும் வெள்ளைப் பருத்தித் திரைச்சீலைகள் கச்சான் காற்றுப் புழுதியில் மங்கிப்போயின. கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தை இரண்டு தடவை ஊற்றித் துவைத்தேன். அழுக்குப் போய்விட்டது, ஆனால் முன்பில்லாத மஞ்சள் நிறம் ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றலாமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தயவுசெய்து இனி ஒரு துளியும் ஊற்றாதீர்கள். பெரும்பாலும் குற்றம் தண்ணீரில்தான் இருக்கும். கிணற்று நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் இரும்பு, குளோரின் பட்டதும் துருவாக மாறி நூலிழையில் படிந்துவிடும். ஒரு வெள்ளை வாளியில் தெளிந்த தண்ணீரை அள்ளி இரவு முழுதும் வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் செம்மஞ்சள் மண்டி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கொடியில் காயும்போது நீர் வடிந்து தேங்கும் கீழ்க்கரை மடிப்பிலும் மஞ்சள் சற்று அழுத்தமாகத் தெரியும்.

துருவை எடுக்கத் தேசிப்புளி போதும். ஆனால் குளோரினும் புளியும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதால், முதலில் சீலையை வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை நன்றாக அலசி, குளோரின் வாடை அறவே போனபின்னரே புளியைத் தொடுங்கள். இரும்புக் கொளுக்கிகளையும் கழற்றிவிடுங்கள். அவையும் துருவைக் கக்கும். 10 லீற்றர் தண்ணீருக்கு ஐந்தாறு தேசிக்காயின் சாற்றை வடித்து விட்டு அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். மஞ்சள் இளகினாலும் முழுதாகப் போகாவிட்டால், புதிய சாற்றில் மறுபடி ஊறவைக்கலாம்.

கடைசி அலசலுக்கு அதே கிணற்று நீரை அள்ளியவுடன் பயன்படுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண். முதல் நாளே பிடித்து வைத்து, மண்டி கலங்காமல் மேல் நீரை மட்டும் துணியில் வடித்தெடுங்கள். குழாய் நீரோ மாரியில் சேர்த்த மழைநீரோ இருந்தால் இன்னும் நல்லது.

பொலியெஸ்டர் சீலை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அதைக் குளோரினே மஞ்சளாக்கக்கூடும், அந்த மஞ்சளுக்குத் தேசிப்புளி உதவாது.

அடுத்த கச்சானில், நனைக்கும் முன் சீலையை வெளியே கொண்டுபோய் நன்றாக உதறுங்கள். புழுதியோடு நனைத்தால் அது சேறாகி இழைக்குள் இறங்கிவிடும். பிறகு சாதாரண சலவைத் தூளில் ஊறவைத்துத் துவைத்து, பருத்தியானால் வெயிலில் காயப்போடுங்கள்; சற்று ஈரம் இருக்கும்போதே யன்னலில் மாட்டினால், சீலையின் பாரமே சுருக்கத்தை இழுத்துவிடும்.